அத்தானின் சம்பளச் சீட்டு

வேலைநிறுத்தம் தொடங்கிய மூன்றாம் நாள் சென்னையிலிருந்து ரயிலேறி ஊருக்கு வந்துவிட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அரசுக்குச் சொந்தமான ஒரு விமான நிறுவனத்தில் சம்பளப் பிரிவு குமாஸ்தாவாக இருந்தேன். தனியார் விமானங்கள் அப்போதுதான் பறக்க ஆரம்பித்திருந்தன. எங்களிடம் தொழில் கற்ற நல்ல ஆட்களை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சம்பளம் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதே எஞ்சின், அதே ஸ்பேனர், சட்டையின் நிறம்தான் வேறு. வெளியே கொடுப்பதை எங்களுக்கும் கொடு என்பதுதான் சங்கத்தின் கோரிக்கை. இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆனால் திருநெல்வேலி டவுணில் ஒருவருக்கும் இதை விளங்கவைக்க முடியவில்லை. நிர்வாகம் பத்திரிகைகளில் பெரிதாக விளம்பரம் கொடுத்திருந்தது. ஓவர்டைம், சீருடை துவைக்கும் படி, வருஷத்துக்கு இரண்டு இலவச டிக்கெட் என்று எல்லாவற்றையும் சம்பளத்தோடு கூட்டி, இவ்வளவு வாங்கியும் இவர்களுக்குப் போதவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? திருநெல்வேலிக்கு விமானம் ஏது?

கீழரத வீதியில் டீ குடிக்கப் போனால் அந்தப் பத்திரிகை பெஞ்சில் கிடக்கும். டீக்கடை அண்ணாச்சி கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏரோப்ளேன் ஓட்டுதவனுக்கே பத்தலைன்னா, டவுண் பஸ் ஓட்டுதவன் என்னவே செய்வான்?"

"நான் ஓட்டலை அண்ணாச்சி. ஆபீஸ்ல கணக்கு எழுதுதேன்."

"கணக்கு எழுதுததுக்கா இவ்வளவு குடுக்கான்?" என்றார். அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போக ஆரம்பித்தேன். அங்கேயும் அதே பத்திரிகைதான் வாங்கினார்கள்.

சென்னையைவிட்டுக் கிளம்பும்போது சங்கச் செயலாளர் என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்திருந்தார். எங்கள் சம்பளத்தையும் வெளிச் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஓர் அட்டவணை தயார் செய்ய வேண்டும். "வெளியில இவ்ளோ குடுக்கறாங்கன்னு வாயால சொன்னா எவன் நம்புவான்? பேப்பர் வேணும் சார்" என்றார். அந்தப் பேப்பர் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு அவசரமாக ரயிலேறினேன்.

என் அக்காவைக் கட்டிய அத்தான் எங்கள் நிறுவனத்தில்தான் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தார். முந்தின வருஷம் பம்பாயில் ஒரு தனியார் விமானக் கம்பெனிக்கு மாறியிருந்தார். அந்தச் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கி, சேரன்மகாதேவியில் வீட்டுக்கு மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்காக அப்போது லீவில் வந்திருந்தார்.

பஸ் பிடித்துப் போனேன். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு கீழே வந்து, பெட்டியிலிருந்து சம்பளச் சீட்டு இருந்த கவரை எடுத்தார்.

"இதை அங்கன ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கிட மாட்டோம் மாப்ளே. ஒட்டித்தான் தருவான். ஒட்டுனபடியே வீட்டுக்குக் கொண்டுபோயிரணும்."

"பேரையும் நம்பரையும் மறைச்சிருதேன் அத்தான்."

"பாத்துச் செய்யி. இந்த மாடி அதுலதான் நிக்கி" என்றார். கவரை என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி மாடி ஏறினார்.

டவுணுக்கு வந்து, பெயரின் மேலும் எண்ணின் மேலும் வெள்ளைத் தாளை ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினேன். கம்பெனியின் பெயரைக்கூட மறைத்துவிட்டேன். எவ்வளவு ஜாக்கிரதையான ஆள் நான் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

என் மடத்தனத்தை இங்கே விவரமாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் நிறுவனத்தில் சம்பளம் ரகசியமில்லை. கிரேடையும் சர்வீஸையும் சொன்னால் யார் சம்பளத்தையும் கணக்குப் போட்டுவிடலாம். ஒரே தொகையை நூறு பேர் வாங்குவார்கள். தொகையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. பல வருஷம் அந்தச் சம்பளப் பேரேட்டிலேயே கிடந்தவன் நான். வெளியே ஒவ்வொருவனும் தனித்தனியாகப் பேரம் பேசிச் சேர்கிறான், ஒருவன் வாங்கும் தொகையை இன்னொருவன் வாங்குவதில்லை என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. போதாததற்கு, ஒரு பழைய ரக எஞ்சினைத் தொட அத்தான் ஒருவருக்குத்தான் அங்கே லைசென்ஸ். அதற்கென்று தனியாக ஒரு படி கொடுத்தார்கள். அந்த வரியையும் நான் மறைக்கவில்லை. சில்லறை வரைக்கும் அப்படியே விட்டேன். முழு எண்ணாகப் போட்டால் பொய் என்பார்கள் என்று பயம். மொத்தத் தொகையை மட்டும் முழு நூறாக்கி எழுதியிருந்தால் போதும், ஒன்றும் ஆகியிருக்காது.

சங்கம் அதை நோட்டீஸாக அடித்து விமான நிலையம் முழுக்கக் கொடுத்தது. பத்திரிகைகளிலும் வந்தது. டீக்கடை அண்ணாச்சியே, "வெளியே இவ்வளவு குடுக்கானாவே? அப்போ ஒங்க பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்யுது" என்றார். அன்றைக்கு நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

அடுத்த இரண்டு வாரத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. வெளிச் சம்பளம் கிடைக்கவில்லை. ஆனாலும் என் கிரேடுக்கு மாதம் ஆயிரத்துக்கு மேல் கூடியது. வேலைக்குத் திரும்பிய வாரமே அக்காவிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. லீவு முடிந்து போன அத்தானை மேலதிகாரி கூப்பிட்டு, எங்கள் நோட்டீஸை மேஜைமேல் வைத்து, இது உங்களுடையதுதானே என்று கேட்டாராம். ஆமாம் என்றிருக்கிறார். யாரிடம் கொடுத்தீர்கள் என்றதற்குப் பதிலே சொல்லவில்லை. அன்று சாயங்காலமே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் ஓடினேன். இனிப்பு டப்பாவை நீட்டினார். ஒப்பந்தத்துக்காக வாங்கியது. நான் எடுக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் டப்பாவை மூடிவைத்தார்.

"பாவம்தான் சார். ஆனா அவர் இப்போ நம்ம மெம்பர் இல்லையே" என்றார்.

"நம்ம நோட்டீஸாலதானே போச்சு? திரும்ப இங்கேயே எடுத்துக்கச் சொல்லிக் கேக்க முடியாதா?"

"ராஜினாமா பண்ணிப் போனவரை எப்படி எடுப்பாங்க? ரூல்ஸ் உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அந்த விதிகளைக் கரைத்துக் குடித்தவன் நான்தான். இன்னும் இரண்டு தனியார் கம்பெனிகளுக்கு அத்தான் எழுதிப்போட்டார். ரகசியத்தை வெளியே விட்ட ஆள் என்ற பேச்சு அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

பிடித்தங்கள் போக முதல் புதுச் சம்பளம் கைக்கு வந்ததும் சேரன்மகாதேவிக்குப் போனேன். மாடி, தளம் போட்டதோடு நின்றிருந்தது. சுவர்களுக்குப் பூச்சு இல்லை. ஏதோ ஒரு அரிசி ஆலையில் மோட்டார் பழுது பார்க்க அத்தான் போயிருந்தார். விமான எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கை. எனக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை.

அக்கா காபி கொடுத்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நடந்தது நடந்துபோச்சு தம்பி. நம்ம கூடப்பொறந்தவனுக்குத்தான நல்லது நடந்திருக்குன்னு மனசைத் தேத்திக்கிடுதேன்" என்றாள். பிறகு, "ஒனக்கு எவ்வளவு கூடிச்சு?" என்று கேட்டாள்.

ஆயிரத்துக்கு மேல் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"முந்நூறு" என்றேன்.

"முந்நூறா?"

"ஆமாக்கா. அவ்வளவுதான்."

அவள் கண் நிறைந்துவிட்டது.

"முந்நூறு ரூவாய்க்காலே இவுக வேலையப் போக்குனே?" என்றாள்.

அவள் ஆறுதலுக்குப் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றையும் நானே பிடுங்கிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தவித்துக்கொண்டிருக்கும்போதே அத்தான் வந்துவிட்டார். சட்டையெல்லாம் தவிடு. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் கேட்டாள்.

"முந்நூறுதான் கூடியிருக்காம். நெசமா?"

எங்கள் நிறுவனத்தில் எட்டு வருஷம் இருந்தவர் அவர். ஒப்பந்தம் பத்திரிகையில் வந்திருந்தது. என் கிரேடும் சர்வீஸும் அவருக்கு மனப்பாடம். என்னை ஒருதரம் பார்த்தார்.

"ஆமா, அவன் கிரேடுக்கு அவ்வளவுதான் வரும்" என்று சொல்லிவிட்டு, கை கழுவப் பின்கட்டுக்குப் போனார்.