மலைப்பள்ளியில் அக்கா நடத்திய சனிக்கிழமை வகுப்பு

அக்கா இல்லாத முதல் ஆண்டு இன்றோடு நிறைகிறது. சிங்காநல்லூரில், பஞ்சாலைத் தொழிலாளியின் மூத்த மகளாகப் பிறந்தவர் அவர். அப்பா காலமானபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். டியூஷன் எடுத்து என்னைப் படிக்கவைத்தவர் அக்காதான். தமக்கென ஒரு குடும்பத்தை அவர் அமைத்துக்கொள்ளவில்லை.

அந்தியூருக்கு மேலே ஒரு மலைப்பள்ளியில் கணித ஆசிரியையாகச் சேர்ந்தார். அங்குள்ள குழந்தைகள் வீட்டில் பேசுவது கன்னடம். வகுப்பில் கேட்பது தமிழ். அக்கா அவர்களிடமே கன்னடம் கற்று, அதிலேயே கணக்குச் சொல்லித் தந்தார். அதைப் பார்த்துத்தான், சுற்றியுள்ள மலைப்பள்ளிகளின் கணித ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள்.

முதல் பயிற்சியிலேயே ஒரு வகுத்தல் கணக்கைக் கன்னடத்தில் சொல்லி விடை கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. மூத்த ஆசிரியர் ஒருவர் எழுந்தார்.

“ஏனுங்க டீச்சர், தெரியாத பாஷையில கேட்டா நாங்க எப்படிங்க போடறது?”

“பசங்களுக்குத் தினமும் இப்படித்தானுங்க சார் இருக்குது.”

அவர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார். புகார் போனது, பொறுப்பும் பறிபோனது. அக்கா விடவில்லை. விருப்பமுள்ள ஆசிரியர்கள் வரலாம் என்று சொல்லி, சனிக்கிழமைதோறும் தம் வகுப்பறையைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். மாதக்கணக்கில் ஒருவரும் வரவில்லை. மாலையில் என்னைப் போனில் அழைப்பார்.

“இன்னைக்கும் யாரும் வரல கண்ணு.”

“அப்புறம் என்ன பண்ணுனீங்கக்கா?”

“நானே போர்டுல ரெண்டு கணக்குப் போட்டேன். அழிச்சுப்போட்டு வந்துட்டேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் பேச்சை முடிக்க அவருக்கு மனம் வராது.

ஒரு சனிக்கிழமை, புகார் செய்த அந்த ஆசிரியரே வந்து நின்றார்.

“என் வகுப்புல ஒரு புள்ள வருசம் பூரா வாயே தொறக்கலீங்க. அதுகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு சொல்லிக் குடுங்க டீச்சர்.”

அவரைப் பார்த்து மேலும் சிலர் வரத் தொடங்கினார்கள். அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. சிறுநீரகக் கோளாறால் அக்கா மலையிறங்கி என் வீட்டுக்கு வந்துவிட்டார். இங்கும் சனிக்கிழமை காலையில் புடவை மாற்றி, தலைவாரி உட்கார்ந்திருப்பார். எங்கே கிளம்புகிறீர்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

மருத்துவமனையில் உடனிருந்த என் மனைவியின் தங்கைக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி. இறுதிச் சடங்கன்று பஸ் மாறி மாறி மலையிலிருந்து வந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? ஆசிரியர்களும் பெற்றோரும் வாசலில் அமர்ந்து அக்காவைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். உடன்பிறந்த நான் பக்கத்தில் நின்று, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.