தனித்தனியா எழுதிட்டாங்க

மத்திக் குழம்பு அடிப்பிடித்த வாசனை... அன்றைக்கு வீடு முழுக்க அதுதான்.

அடுப்பில் குழம்பை வைத்திருந்தேன். வக்கீல் குமாஸ்தா சென்னையிலிருந்து போன் செய்தார். “அம்மா, தீர்ப்பு வந்துடுச்சு. ரெண்டு ஜட்ஜும் தனித்தனியா எழுதிட்டாங்க...” அதோடு லைன் கட்.

திருமலைராயன்பட்டினத்தில் தனித்தனியா எழுதுவது என்றால் பாகம் பிரிப்பதுதான். என் வீட்டுக்காரர் போனபிறகு வீட்டில் பாதி கேட்டு வழக்குப் போட்டிருந்தார் கொழுந்தனார். சரி, நடுவில் சுவர் வரப்போகிறது... அடுப்படி யாருக்கு, கிணறு யாருக்கு? அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பேத்தி மலர் அப்போது புதுச்சேரியில் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கியவள், என் முகத்தைப் பார்த்துச் சிரிசிரி என்று சிரித்தாள்.

“அம்மாச்சி, வீட்டப் பிரிக்கல. முழுசும் உங்களுக்குத்தான்னு ரெண்டு பேருமே சொல்லிட்டாங்க. காரணத்தத்தான் தனித்தனியா எழுதியிருக்காங்க.”

“முடிவு ஒண்ணுதானே? அப்புறம் ஏன் தனியா எழுதணும்? அவங்களுக்குள்ள சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்ல. இவர் சொன்ன காரணத்த அவர் ஏத்துக்கல. அவ்வளவுதான்.”

போனில் வந்திருந்த தீர்ப்பைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். ஒரு ஜட்ஜ், மாமனார் எழுதிக்கொடுத்த பத்திரம் செல்லும், அது போதும் என்றாராம். இன்னொருவர், பத்திரம் கிடக்கட்டும், இந்த அம்மாதான் இத்தனை வருஷம் குடியிருந்து வீட்டைக் காப்பாற்றியவர், இத்தனை நாள் வாயே திறக்காத கொழுந்தனார் இப்போது வந்து பாகம் கேட்க முடியாது என்றாராம்.

“அந்த ரெண்டாவது ஜட்ஜ் எழுதினத இன்னொரு தடவ படி.”

“ரெண்டுலயும் ஜெயிச்சது நீங்கதான் அம்மாச்சி!”

“உனக்கு ஒண்ணுதான்டி. எனக்கு அப்படி இல்ல.”

மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தது, புயலில் பறந்த ஓட்டை மாற்றியது... எதுவும் பத்திரத்தில் கிடையாது. அந்த ஜட்ஜ் யாரோ, எவரோ. என்னைப் பார்த்ததுகூட இல்லை.

நான் அஞ்சாவதோடு நின்றவள். என் பேத்தி இன்றைக்கு அதே கோர்ட்டில் கறுப்பு கவுன் போட்டு நிற்கிறாள்! சொல்லும்போதே நெஞ்சு நிமிர்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். “வீட்டப் பூட்டிட்டு வாங்க அம்மாச்சி” என்பாள். பார்க்கலாம் என்பேன்.

போனை வைத்தபிறகு ஒரு சத்தமும் இருக்காது. கொழுந்தனார் குடும்பம் தீர்ப்பு வந்த கையோடு ஊரை விட்டே கும்பகோணம் போய்விட்டது.

அன்று சுவரை நினைத்து அழுதேன்... இப்போது தோன்றுகிறது, சுவர் வந்திருந்தால் அந்தப் பக்கம் யாராவது திட்டிக்கொண்டாவது இருந்திருப்பார்கள்.