மானாம்பதி சாலையில் மங்கிய பிற்பகல்

உத்திரமேரூருக்கு நான் முதன்முதலாகப் புறப்பட்டது 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. மாசி அமாவாசை. அன்று பிற்பகல் சூரிய கிரகணம். எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கத் தீர்மானித்திருந்த நாளில் நான் மட்டும் வெளியூர் கிளம்பினேன். அப்போது சென்னையில் ஒரு கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அந்த வட்டாரத்தின் பழைய தினசரி வெப்பநிலைப் பதிவுகளை நூலகத்தில் பார்த்திருந்தேன். பிப்ரவரி நடுவில் எந்த வருடத்தை எடுத்தாலும் விடியலில் இருபது, இருபத்தொரு டிகிரி, பிற்பகலில் முப்பதையொட்டி. கிரகணம் பிடித்தால் அது எவ்வளவு இறங்கும் என்று வெட்டவெளியில் அளந்து பார்க்க ஆசை. உத்திரமேரூர் ஏரிக்கரை தோதான இடம் என்று உடன் வேலை பார்த்தவர் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் ஒரு வெப்பமானியை இரவல் வாங்கிக்கொண்டேன். (அம்மாவிடம் கல்யாண வீட்டுக்குப் போவதாகச் சொன்னேன். கிரகணத்தில் என்ன கல்யாணம் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.)

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் முப்பது கிலோமீட்டருக்குள்தான். பகல் ஒன்றரை மணி பஸ்ஸில் என்னோடு சேர்த்து நான்கு பேர். மற்ற மூவரும் மானாம்பதியில் இறங்கிக்கொண்டார்கள். ஊரைத் தாண்டியதும் டிரைவர் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். நெற்றியில் பட்டையாகத் திருநீறு.

"புடிச்சிடுச்சும்மா. வுட்டப்பறம்தான் வண்டிய எடுப்பேன்."

"ஏரிக்கரை வரைக்குமாவது விடக்கூடாதா?"

"வூட்ல மருமவ மாசமா கீறா. நான் ரோட்டப் பாத்துக்கினு ஓட்ட மாட்டேன். நீயும் உள்ளியே குந்து."

கண்டக்டர் ஏற்கெனவே ஜன்னல் தட்டிகளையெல்லாம் இறக்கிவிட்டுக் கடைசி சீட்டில் முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்துவிட்டார். ஏரிக்கரை இனி கிடையாது என்று தெரிந்ததும் நான் இறங்கினேன். புளியமரத்தின் தாழ்ந்த கிளையில், நிழலில், வெப்பமானியைக் கட்டித் தொங்கவிட்டேன். முப்பத்தொன்று காட்டியது.

அரைமணி நேரம் எதுவும் மாறவில்லை. பிறகு வெயிலின் நிறம் மாறத் தொடங்கியது. சாயங்கால வெயில் மஞ்சளாகும்; இது ஈயம் பூசிய மாதிரி வெளிறியது. என் நிழலின் ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாயின. மரத்தடியில் இலைகளின் இடுக்கு வழியாக விழும் வட்ட வெளிச்சங்கள் எல்லாம் பிறைகளாகியிருந்தன. என் புடவையிலும் கையிலும்கூட நூற்றுக்கணக்கில் பிறைகள். காரணம் எனக்குத் தெரியும், வகுப்பில் படம் போட்டு விளக்கியும் இருக்கிறேன். இருந்தாலும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

கொக்குகள் கூட்டமாக ஏரிப் பக்கம் திரும்பின. சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. வெப்பமானி இருபத்தொன்பதுக்கு வந்திருந்தது. அப்போதுதான் அந்தக் குரலைக் கேட்டேன்.

வயலுக்குள்ளிருந்து வந்தது. நெல் அறுத்த தாள்கள் மட்டும் நின்ற வெறும் வயல். மறைந்து நிற்க ஒரு செடி இல்லை, ஒரு ஆளும் கண்ணில் படவில்லை. குரல் மட்டும் தரைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. பஸ்ஸுக்கு ஓடிவிடலாம் என்று இரண்டடி வைத்தேன். மறுபடி கேட்டது. இந்த முறை வார்த்தை புரிந்தது.

"யாருனா கீறீங்களா?"

ஒரு கூப்பிடு தூரத்தில் பம்புசெட் கொட்டகை. அதை ஒட்டி, சுற்றுச்சுவரே இல்லாத பெரிய கிணறு. தரையோடு தரையாக, விளிம்பு வரை புல். மண்டியிட்டு எட்டிப் பார்த்தேன். கீழே கறுப்பாகத் தண்ணீர். அதில் மார்பளவு மூழ்கி ஒரு ஆள் கல்லிடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருக்கேன். சொல்லுங்க" என்றேன்.

"நீ மனுசிதானா?" என்று கேட்டார்.

"ஆமா. காலேஜ் டீச்சர். பஸ்ல வந்தேன்."

"ஏன் இருட்டிக்கினு வருது? மத்தியானம்தான எறங்குனேன். எனுக்குக் கண்ணு அவிஞ்சிபூட்ச்சா?"

அவருக்குக் கிரகணம் தெரியாது. பெயர் ஏழுமலை, காலனியில் இருக்கிறவர், கூலி வேலை. பம்புக் குழாயின் அடியில் அடைத்திருந்த சேற்றை எடுக்க இறங்கியிருக்கிறார். கிணற்றின் படிக்கற்கள் மழையில் சரிந்துவிட்டன, அதனால் கயிற்றில். மேலே காவலுக்கு நின்ற ஆள் எப்போது போனான் என்று அவருக்குத் தெரியவில்லை. கொட்டகைக் கழியில் கட்டியிருந்த முடிச்சு அவிழ்ந்து கயிறும் அவரோடு தண்ணீரில் விழுந்துவிட்டது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. பற்கள் அடித்துக்கொள்வது மேலே வரை கேட்டது.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. சூரியனை மறைச்சிருக்கு, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல வெளிச்சம் வந்துடும். நான் ஆளக் கூட்டிட்டு வரேன்."

"போவாதக்கா. நீ போனா திரும்பி வர மாட்ட."

"வருவேன்."

ஓடினேன். பஸ் கதவைத் தட்டினேன். கிணற்றில் ஆள் என்றதும் டிரைவர், "கிரகணம் வுடட்டும், போலாம்" என்றார். அதுவரை அவர் கை தாங்காது என்றேன். என் குரல் எனக்கே அழுகையாகக் கேட்டது. கண்டக்டர் துண்டை எடுக்கவில்லை. டிரைவர் முருகா என்று முனகிவிட்டு, கூரையில் மூட்டை கட்டும் கயிற்றை எடுத்தார். தலையில் துண்டைப் போர்த்திக் கண்ணைத் தரையில் பதித்துக்கொண்டார்.

"ஆகாசத்தப் பாக்க மாட்டேன். நீ முன்ன நட, ஒங் காலப் பாத்துக்கினு வரேன்."

அப்படியே வந்தார். மேகமே இல்லாத வானத்தின் கீழ், நிலா வெளிச்சம்போல் மங்கிய வயலில், என் செருப்பை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு பெரிய மனிதர் பின்னால் நடந்து வந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கயிற்றின் ஒரு முனையைக் கொட்டகைச் சுவரின் கல்தூணில் கட்டினார். மறுமுனையில் சுருக்கு வைத்துக் கீழே விட்டார். ஏழுமலை அதை அக்குளில் மாட்டிக்கொண்டு சுவரில் காலை ஊன்றினார். நாங்கள் இருவரும் இழுத்தோம். பாதியில் ஒரு கல் பெயர்ந்து அவர் அந்தரத்தில் ஆடினார். டிரைவர் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விடவில்லை.

ஏழுமலை விளிம்பில் கையை வைத்து ஏறிப் புல்லில் விழுந்தார். உதடுகள் நீலம். டிரைவர் தலையில் இருந்த துண்டை எடுத்து அவர் உடம்பைத் துடைத்தார். ஆகாசத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. வெளிச்சம் மெதுவாக மஞ்சளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

கொஞ்சம் சூடு வந்ததும் ஏழுமலை சொன்னார்: "நீ வர்றதுக்கு மின்னாடி ஒருத்தன் எட்டிப் பாத்தான்க்கா. கூப்ட்டேன். பேசல. ரொம்ப நேரம் பாத்துக்கினே நின்னான். அப்பறம் தலை போயிடுச்சு."

"பயத்துல அப்பிடித் தோணி இருக்கும்பா" என்றார் டிரைவர்.

"இல்லண்ணே. முண்டாசு கட்டி இருந்தான். மூஞ்சி தெரில. இந்த ஊரு ஆளுதான் எவனோ." பிறகு வேட்டியைப் பிழிந்துகொண்டே, "நாளைக்கும் இங்கதான வேலைக்கு வரணும்" என்றார். மானாம்பதிப் பக்கம் திரும்பி நடந்தார். அங்கே ஒவ்வொரு கதவாகத் திறக்கும் ஓசை கேட்டது.

ஐந்து மணிக்கு மேல் பஸ் கிளம்பியது. வெப்பமானி மறுபடி முப்பதை நெருங்கியிருந்தது. கிரகணம் உச்சத்தில் இருந்தபோது நான் கயிறு இழுத்துக்கொண்டிருந்தேன், அதனால் அந்த நேரத்து அளவு என்னிடம் இல்லை. பிற்பாடு அந்த வட்டாரத்தின் தினசரிப் பதிவில் தேடினேன். அதிலும் இல்லை. தினசரிப் பதிவு நாளின் உச்சத்தையும் தாழ்வையும்தான் எழுதும். உச்சம் கிரகணத்துக்கு முன்பே வந்துவிட்டது, தாழ்வு விடியலில். மற்ற மாசி நாட்களைப் போலவே அதுவும் ஒரு சாதாரண நாளாக அங்கே கிடக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: மாசி நடுவில் போங்கள். ஆறரைக்கு விடிந்து ஆறேகாலுக்கு இருட்டும். பங்குனி பிறந்தால் வெயில் ஏறிவிடும். தண்ணீர் எடுத்துப் போங்கள். வயல்வழியில் நடந்தால் காலடியைப் பார்த்து நடங்கள், பல கிணறுகளுக்கு இன்னும் சுவர் கிடையாது. எட்டிப் பார்த்தால் ஒரு குரல் கொடுங்கள். உள்ளே ஆள் இருந்தால், வானத்தின் முன் உங்கள் தலை அவருக்கு வெறும் கறுப்பாகத்தான் தெரியும்.