ஒருவேளை மேடமும் நாலு மணி போனும்

நான் வண்டி ஓட்டுகிறவன். பாலம் கட்டும் கம்பெனியில் ஒரு மேனேஜர் அம்மாவுக்கு நாலு வருஷமாக ஓட்டுகிறேன். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைட்டில் அவருக்கு ‘ஒருவேளை மேடம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. எதைப் பேசினாலும் ஒருவேளையில்தான் ஆரம்பிப்பார். “ஒருவேளை டயர் போச்சுன்னா? ஒருவேளை ஆஸ்பத்திரி போகணும்னா, வழியில எது கிட்ட?” காலையில் வண்டியில் ஏறினதும் என் கண்ணைப் பார்த்துத்தான் முதல் கேள்வி. “அண்ணே, ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?” இல்லை என்றால் பயணமே கிடையாது. கிளம்புமுன் இரண்டு தாளில் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம், யார் எடுக்காவிட்டால் அடுத்து யாருக்குப் போன் போட வேண்டும் என்று எழுதுவார். நாலாக மடித்து ஒன்றை ஆபீசில் கொடுப்பார், ஒன்றை என் சட்டைப் பையில் வைப்பார். ஒரே வேலை தெரிந்த இரண்டு பேர் ஒரே வண்டியில் போகக் கூடாது என்பதும் அவர் வைத்த சட்டம். அதனால் இன்ஜினியர் ஐயா எப்போதும் பின்னால் வேறு வண்டியில் வருவார்.

ஒரு மழை நாளில் அந்த வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது.

“ஒரே வண்டில போயிடலாம் மேடம். ஒரு நாள்தானே, பேச்சுத் துணையா இருக்கும்” என்றார் இன்ஜினியர். நரைத்த மீசையும் தடித்த கண்ணாடியுமாக, வாய் ஓயாமல் பேசும் மனிதர். மேடம் கொஞ்சம் தயங்கினார். பிறகு சரி என்றார்.

சைட்டுக்குப் போகும் மலைப் பாதையில் பெட்ரோல் பங்க்கைத் தாண்டும்போது இருவர் போனிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. ஏதோ அறிக்கை. அது திறக்கவே ரொம்ப நேரம் எடுத்தது. மேடம் படித்து முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன், ரத்தமே இல்லை.

“கயிறு உள்ள அறுந்திருக்காம்” என்றார். “பாதி பாரம் கூடத் தாங்காதாம்.”

பாலத்துக்குக் குறுக்கே வைக்கிற பெரிய இரும்பை, கர்டர் என்பார்கள், கிரேனில் தூக்குகிற இரும்புக் கயிறைத்தான் சொன்னார். சாயங்காலம் நாலு மணிக்கு அதைத் தூக்குவதாக இருந்தது. அடியில் வேலை பார்க்கிறவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு மேஸ்திரி என் மனைவியின் தம்பி. அந்த வேலையை மேடத்திடம் கேட்டு வாங்கிக் கொடுத்தவன் நான்.

“மூணரைக்கெல்லாம் போயிடுவோம் மேடம், நேர்லயே நிறுத்திடலாம்” என்றார் இன்ஜினியர். நானும் அப்படித்தான் நினைத்தேன். நேராக ஓட்டினேன்.

மூணு அஞ்சுக்கு ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினேன். எதிரே ரோடே இல்லை. மண்ணும் மரமும் மொத்தமாக இறங்கிக் கிடந்தது. சைட்டுக்கு இன்னும் பதினாலு கிலோமீட்டர்.

“நம்ம போன் வராம அவங்க தூக்க மாட்டாங்கதானே மேடம்?” என்றேன். அதுதான் பழைய சட்டம். எனக்கு அதில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

இன்ஜினியர் மேடத்தைப் பார்த்தார்.

“போன வாரம் மாத்திட்டேன் அண்ணே” என்றார் மேடம். “சிக்னல் கிடைக்காம ரெண்டு நாள் கிரேன் சும்மா நின்னுச்சு. மேலிடத்துல திட்டினாங்க. நாலு மணி வரைக்கும் பாருங்க, போன் வரலைன்னா எல்லாம் சரின்னு அர்த்தம், தூக்கிடுங்கன்னு நானே சொல்லிட்டேன்.”

அந்த அறிக்கை இரண்டே பேருக்குத்தான் வந்திருந்தது. இரண்டு பேரும் என் வண்டியில் இருந்தார்கள்.

மேடம் இறங்கி மண் மேல் கால் வைத்தார். முழங்கால் வரை புதைந்தது. இன்ஜினியர் கையைப் பிடித்து இழுத்தார். “மேடம், நடந்து போனா ராத்திரி ஆயிடும்!” “அதுக்காக? இங்கயே உக்காரச் சொல்றீங்களா?” என்று மேடம் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை.

படித்தவர்கள் பேசும்போது நான் குறுக்கே பேசுகிறவன் இல்லை. கடவுளே, நாக்கைக் கொடு என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

“மேடம், நாம போக வேண்டாம். நம்ம குரல் போனாப் போதும். பெட்ரோல் பங்க்ல சிக்னல் இருந்துச்சே. திரும்பினா இருபத்திரெண்டு கிலோமீட்டர்தான்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் வண்டியில் இருந்தார்கள்.

மழையில் ரோடு வழுக்கியது. என் கால் தானாக அழுத்தியது. பின்னாலிருந்து மேடம் குரல் வந்தது. “அண்ணே, நாற்பதுக்கு மேல வேண்டாம். நாம விழுந்துட்டா சொல்றதுக்கு வேற ஆளே இல்ல.” காலை எடுத்தேன். அந்த நாற்பதில் போனதுதான் என் வாழ்க்கையில் நீளமான பயணம். ஒவ்வொரு வளைவிலும் மச்சினன் முகம் வந்தது. என் மனைவியிடம் என்ன சொல்வேன் என்று நினைத்தபோது கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. ஜெபம் கூடச் சரியாக வரவில்லை. காப்பாத்து, காப்பாத்து என்ற ஒரே வார்த்தைதான்.

நாலு மணி தாண்டி ஒரு நிமிஷம் ஆனபோது பங்க்கில் நின்றோம். மேடம் மேஸ்திரிக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. கிரேன்காரரும் எடுக்கவில்லை.

“தூக்கற நேரத்துல போனைப் பெட்டியில வச்சுப் பூட்டணும்னு நான்தானே சொன்னேன்” என்றார் மேடம். அடுத்து யாருக்குப் போடுவது என்று அவருக்கு நினைவே வரவில்லை. நான் பையிலிருந்த தாளை எடுத்து விரித்தேன். கடைசி வரி, கேட் வாட்ச்மேன். அவர் எடுத்தார்.

“நான் புராஜெக்ட் மேனேஜர் பேசறேன். கிரேனை உடனே நிறுத்தச் சொல்லுங்க!”

“எந்த மேனேஜரு? இங்க தினம் நாலு மேனேஜரு வர்றாங்க. பேரு, கம்பெனி அட்டை நம்பர் சொல்லுங்க, எழுதிக்கறேன்” என்றார் அவர், அவசரமே இல்லாமல்.

எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கினேன். “யோவ்! ஒருவேளை மேடம்யா! கயிறு அறுந்திருக்கு, ஓடுய்யா!”

“ஐயோ, அவங்களா!” என்றார். அப்புறம் விசில் சத்தம். மூச்சிரைப்பு, ஓடுகிற செருப்புச் சத்தம், கிரேன் உறுமல். மூவரும் ஒரே போனில் காதை வைத்திருந்தோம். உறுமல் நிற்கவே இல்லை. விசில், மறுபடி விசில். பிறகு நின்றது.

“யாராவது பேசுங்கய்யா!” என்று கத்தினேன். “மாமா?” மச்சினன் குரல். “என்ன மாமா, இந்த ஆளு கையை ஆட்டிக்கிட்டு கர்டருக்கு அடியிலயே ஓடி வர்றாரு! ஒரு அடி தூக்கிட்டோம்.”

மேடம் போனை வாங்கினார். “எல்லாரும் தள்ளிப் போங்க. மெதுவா இறக்குங்க. இறங்கினதும் சொல்லுங்க, நான் வைக்க மாட்டேன்.”

இறங்கிவிட்டது என்று அவன் சொன்னான். மேடம் பங்க் படியில் உட்கார்ந்தார். இன்ஜினியர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“எத்தனை வருஷமா அந்தப் பேரு?” என்று கேட்டார் மேடம்.

“நாலு வருஷம் மேடம். மன்னிச்சுக்கங்க.”

“போன வாரம்தான் அந்தப் பேருக்குத் தகுதி இல்லாமப் போயிட்டேன்” என்றார். என் கையிலிருந்த தாளை வாங்கி, பின்பக்கம் எழுதினார். கோணல் மாணலாக இருந்தது, ஆனால் என்னால் படிக்க முடிந்தது. ‘போன் வரவில்லை என்றால் வேலை இல்லை. எத்தனை நாள் ஆனாலும்.’

இப்போது அது கேட்டில் பெரிய எழுத்தில் இருக்கிறது. இன்ஜினியர் ஐயா தனி வண்டியில், பேச ஆளில்லாமல் வருகிறார். எனக்கு மட்டும் நாலு மணி ஆனால் இன்னும் கை வேர்க்கிறது. வண்டியை ஓரம் கட்டி, மச்சினனுக்குப் போன் போட்டு, அவன் “சொல்லுங்க மாமா” என்கிற வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பேன்.