வாசலைத் தாண்டிப் போன வாளி

துரிங்கியா மலைக்கிராமத்தில் பன்றி வெட்டிய வீட்டார், சாசேஜ் வெந்த சூப்பைத் தெருவில் எல்லா வீட்டுக்கும் தூக்குவாளியில் கொடுத்தனுப்புவார்கள். ஒரு வாசலைத் தாண்டிப் போனால் பகை என்று அர்த்தம். சொத்துச் சண்டைக்குப் பிறகு, அண்ணன் லோதார் வீட்டு வாளி ரோஸ்விட்டாவின் வாசலைத் தாண்டியே போனது. அவள் புருஷன் செத்தபோதும் அவன் எட்டிப் பார்க்கவில்லை.

இந்தக் குளிர்காலம் லோதார் வீட்டில் பன்றி வெட்டியபோது, சாசேஜுக்கு மசாலா சேர்க்கும் ஆள் காய்ச்சலில் படுத்துவிட, அண்ணி எல்ஃப்ரீடா வந்து கெஞ்சினாள். ரோஸ்விட்டா மனமிரங்கிப் போனாள். ஈரல் சாசேஜுக்கும் இரத்த சாசேஜுக்கும் உப்பும் மிளகும் போட்டு நாள் முழுக்கப் பிசைந்தாள். அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வெந்ததும் கேட்டு வாங்கித் தின்றான்.

சாயங்காலம் வாளிகள் கிளம்பின. அவளுக்கு மட்டும் இல்லை.

“ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்காரு ரோசி. கோவிச்சுக்காத. நாளைக்கு அவருக்குத் தெரியாம கொண்டாந்து தரேன்,” என்றாள் அண்ணி.

“திருட்டுச் சூப்பு எனக்கெதுக்கு அண்ணி?” ரோஸ்விட்டா ஏப்ரனை அவிழ்த்து வீசினாள். “அவரு தின்னது என் கையால போட்ட உப்பு. முதல்ல அதைத் துப்பிட்டு வந்து ஜன்னல்ல நிக்கச் சொல்லுங்க.”