பண்டெலி வாங்கிய எட்டுக்கொம்பு ரூட்டர்

என் அக்கா விதோரியின் கணவர் பண்டெலி, சரந்தா மலைப்பாதையில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் இன்ஜினை வைத்துத்தான் எடைபோடுவார். திருமணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட எங்கள் அப்பாவிடம், "பொண்ணு மேடு ஏறுமா?" என்று கேட்டாராம். எங்கள் மலையூரான ஜிரோகாஸ்தரில் வீட்டுக்கு வீடு படிக்கட்டு. கேள்வியில் குற்றம் சொல்ல முடியாது.

போன வசந்தத்தில் வெளிநாட்டில், பொலோன்யாவில் இருக்கும் அவர்கள் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மாடியறையில் வெளிச்சம் நன்றாக இருப்பதால் அக்கா அங்கிருந்துதான் வீடியோவில் பேசுவாள். நெட் திணறுவதால், கொட்டாவி விட்ட குழந்தை வாய் திறந்தபடியே திரையில் உறைந்துபோகும். பண்டெலி பொறுக்கமாட்டாமல் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

"வீடு எப்படிங்க? கல்லுச் சுவரா? எவ்வளவு தடிமன்?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

"ஏம்மா, நான் ரூட்டர் வாங்க வந்தேனா, வீட்டை விக்க வந்தேனா? இருக்கிறதுலயே பெரிசு எதுவோ அதை எடு."

எட்டு ஆன்டெனாவோடு, மல்லாந்து கிடக்கும் நண்டு போல ஒன்றை எடுத்து வைத்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கீழறையில், கல்லில் குடைந்த மாடத்துக்குள் அதைக் குடிவைத்தார். பக்கத்தில் நின்று பார்த்தால் நெட் பறந்தது. மாடியில் மூச்சே இல்லை. முழங்கை நீளத்துக்குத் தடிமனான கல்சுவரை நண்டு எப்படித் துளைக்கும்?

ஆனால் மறுநாளே அக்கா, "நல்லா வருதுங்க, குழந்தை சிரிக்கிறது தெளிவாத் தெரியுது," என்றாள். அவ்வளவுதான். காபிக்கடையில் பண்டெலி ஊருக்கே ரூட்டர் ஆலோசகர் ஆகிவிட்டார். "கொம்பை எண்ணி வாங்குங்கடா!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் நெட் நின்றுபோனது. கீழே நண்டு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் அக்காவின் போனை வாங்கிப் பார்த்தார். அதில் இருந்த இணைப்பின் பெயர் 'கீச்சோ'.

எதிர்வீட்டுக் கீச்சோவோடு அவர் பேசி ஆறு வருடமாகிறது. மதில் தாண்டிப் போன இவர் திராட்சைக் கொடியை அவன் கேட்காமல் வெட்டிவிட்டான். அவன் ரூட்டர் ஜன்னலோரம் இருக்கிறது. எங்கள் மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே.

"பாஸ்வேர்டு யாருடி குடுத்தா?"

"அவன் பொண்டாட்டிதான். அவங்க ரெண்டு பேரும் கோர்ச்சாவுக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க, கரண்டு மெயினை அணைச்சிட்டு."

"இத்தனை நாளா அவன் வீட்டு நெட்டுலயா என் பேத்தியப் பார்த்தே?"

"நீங்கதான் பார்த்துப் பார்த்துச் சிரிச்சீங்க. அப்ப யாரோடதுன்னு கேட்டீங்களா?"

நான் சிரிப்பை அடக்க இருமினேன். "இருமாத, மச்சான்," என்றார். "ஒனக்கும் தெரியும்ல?" தெரியும். அக்கா சத்தியம் வாங்கியிருந்தாள்.

மறுநாள் நண்டைத் திருப்பிக் கொடுத்தார். இந்தமுறை சுவரின் தடிமனை அவரே சொன்னார். கடைப்பெண் ஜோடியாகச் சேர்ந்து இயங்கும் இரண்டு சின்னப் பெட்டிகளைத் தந்தாள். தீ மூட்டாத புகைபோக்கி வழியாக வயரை மேலே இழுத்தோம். கரியில் குளித்தது நான். உத்தரவு போட்டது அவர். மாடிப் பெட்டி ஜன்னலில் உட்கார்ந்தது. குழந்தை உறையவே இல்லை.

கீச்சோ ஊர் திரும்பியதும் இரண்டு வீட்டிலும் நெட் தடுமாறியது. ஜன்னலிலிருந்து கீச்சோ கத்தினான்.

"ஏய் பண்டெலி! ரெண்டு பேர் ரூட்டரும் ஒரே சேனல்ல, ஒரே அலைவரிசையில ஓடுதுய்யா! மாத்து!"

"நான் ஏன்யா மாத்தணும்? நீ மாத்து!"

"நான்தானே முதல்ல வந்தேன்!"

"குறுகல் ரோட்டுல மேல ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும்!"

"எந்த வண்டிய்யா ஏறுது இங்க?"

வாக்குவாதம் நீண்டது. கடைசியில் அக்கா ராக்கிச் சாராயத்தையும் சோற்று உருண்டைகளையும் மேஜையில் வைத்து இருவரையும் கூப்பிட்டாள். பண்டெலி ஒன்றாம் சேனலுக்கும் கீச்சோ பதினொன்றுக்கும் போனார்கள். அதற்கு முன் இருவருமே குறைந்த எண்ணைத்தான் கேட்டார்கள். ஏனென்று இருவருக்கும் தெரியவில்லை.