கிளஃபீராவின் முக்காடுக் கூடை

கிர்கிஸ்தானின் கரகோல் ஊரில் எங்கள் ரஷ்ய தேவாலய வாசலில் ஒரு கூடை இருக்கும். வெறுந்தலையோடு வரும் பெண்கள் அதிலிருந்து ஒரு பூப்போட்ட முக்காட்டை எடுத்துக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். அவற்றைத் துவைப்பவள் என் சிநேகிதி கிளஃபீரா. துவைக்குமுன் ஒவ்வொன்றையும் முகர்ந்து, "இவ அழுதிருக்கா. இவ யாரையோ விரும்புறா" என்பாள். ஆப்பிள் மரங்களுக்கிடையே கொடியில் அவை காயும்போது, முகமில்லாத பெண்கள் ஏரிக்காற்றில் மிதந்து போவதுபோல் இருக்கும்.

கிழிந்துபோனதற்குப் பதிலாகத் தன்னுடையதையே கூடையில் போடுவாள்.

"உனக்குன்னு ஒண்ணாவது வச்சுக்கடி, கிறுக்கி" என்று திட்டுவேன்.

"கூடையில இருக்கிறதெல்லாம் என்னுதுதானேடி."

அவள் இறந்தபோது வீட்டில் ஒரு முக்காடுகூட இல்லை. தேவாலயத்தில் எடுத்து அவளுக்குக் கட்டலாம் என்று சவப்பெட்டியைக் கொண்டுபோனால் கூடை காலி. வழியனுப்ப வந்த சந்தைக்காரிகள், அண்டைவீட்டு கிர்கிஸ் பெண்கள் தலைகளில் எல்லாம் அவள் துவைத்த பூக்கள் அசைந்தன.

என்னுடையதை அவிழ்த்து அவளுக்குக் கட்டினேன். பிறந்ததிலிருந்து முதல்முறையாக அங்கே வெறுந்தலையோடு நின்றேன். நரைமுடியில் மெழுகுவத்திச் சூடு பட்டது.

பாதிரியார் தூபத்தோடு வந்தார். என் தலையைப் பார்த்தார், அவள் தலையைப் பார்த்தார். இருவருக்கும் சேர்த்தே தூபக்கலசத்தை ஆட்டினார்.